படகுக்கு பிரேக் ஏது? – ஹைபிரிட், மின்சார வாகனங்கள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கப்பலில் மின் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்தத் தலைப்பை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். வந்த கடிதங்களில் முக்கால்வாசி கார் பற்றியவை. படகு பற்றி வந்தவை கொஞ்சம்தான், ஆனால் அவை ஆழமான கேள்விகள். அதனால் படகிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் ஃபைபர் படகு இருக்கிறது, பின்னால் மாட்டும் 10 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஹைபிரிட் கார் லிட்டருக்கு 27 கிலோமீட்டர் போகிறது என்கிறார்கள். அப்படி ஒரு ஹைபிரிட் எஞ்சின் படகுக்கு வராதா, அண்ணாச்சி?
– தூத்துக்குடி மாவட்ட மீனவர் ஒருவர்

அந்த 27 கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் இரண்டு இடங்களில் மிச்சம் பிடிக்கிறது. ஒன்று, பிரேக். சாதாரணக் காரில் சிக்னலுக்கு சிக்னல் பிரேக் மிதிக்கும்போது, வண்டியை ஓட வைத்த சக்தி முழுவதும் டிஸ்க்கைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் போய்விடுகிறது. ஹைபிரிட்டில் சக்கரத்தோடு இணைந்த மோட்டார் அந்த நேரம் ஜெனரேட்டராக மாறி, ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது, ஊர்ந்து போகும் நேரம். பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுமையில் ஓடும்போதுதான் எரிபொருளை மோசமாக வீணடிக்கும். அந்த நேரத்தில் ஹைபிரிட் கார் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுகிறது.

உங்கள் படகில் இந்த இரண்டுமே இல்லை. கரையை விட்டுக் கிளம்பினால் மீன்பாடு நடக்கும் இடம் வரை ஒரே சீரான வேகம், எஞ்சினுக்கு ஒரே சீரான சுமை. நிறுத்த வேண்டுமானால் திராட்டிலைக் குறைத்தால் போதும், தண்ணீரே படகைப் பிடித்து நிறுத்திவிடும். திருப்பி எடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது. கடலில் இறக்கமும் கிடையாது. பாய்மரப் படகு மட்டும் விதிவிலக்கு: காற்றில் ஓடும்போது நீரோட்டம் புரொப்பெல்லரைச் சுழற்றுவதால் மோட்டார் கொஞ்சம் மின்சாரம் தரும். உங்கள் மாதிரிப் படகில் எஞ்சினோடு ஒரு மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்து மாட்டினால் எடை கூடும், செலவு கூடும், பெட்ரோல் குறையாது.

ஹைபிரிட் வேண்டாம், முழு மின்சாரமாகவே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். 10 எச்.பி. என்பது ஏழரை கிலோவாட். போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 30 யூனிட் (1 கிலோவாட்டில் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்). வழியில் ஆகும் இழப்பையும், காற்று திரும்பினால் கரை சேர வேண்டிய கையிருப்பையும் சேர்த்தால் 40 யூனிட் பேட்டரி இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. இன்றைய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 40 யூனிட் என்றால் பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோ. ஐஸ் பெட்டியும் மீனும் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உங்களைப் போல் தூரம் போகிறவர்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்பதுதான் என் தீர்ப்பு.

கரையை ஒட்டி நண்டு வலை போடுகிறவருக்குக் கதை வேறு. போக வர நாலைந்து கிலோமீட்டர், அதுவும் மெதுவாக. 5, 6 யூனிட் பேட்டரி போதும், 50 கிலோவுக்குள் அடங்கிவிடும். அவருக்கு இன்றே மின்சார அவுட்போர்டு சரிப்படும். வாங்கும் விலைதான் தடை. மானியம் என்று ஒன்று வந்தால் முதலில் அவருக்குத்தான் தர வேண்டும்.

சரி, இன்றைக்கு உங்களுக்கு என்ன வழி? தண்ணீரில் வேகத்தைக் கூட்டினால், தேவைப்படும் சக்தி ஏறத்தாழ அதன் மும்மடிக் கணக்கில் ஏறும். அதையே திருப்பிப் பாருங்கள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தி கால் பங்குக்கு மேல் குறைகிறது. பயணம் கொஞ்சம் நீளும், ஆனாலும் அதே தூரத்துக்கு எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2 மணி நேரப் பயணத்துக்குக் கூடுவது கால் மணி நேரம்கூட இல்லை. வரும்போது ஏலத்துக்கு நேரமாகிவிடும், அது எனக்குத் தெரியும். போகும்போதாவது திராட்டிலைக் கொஞ்சம் தணித்துப் பிடியுங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் சேர விடாதீர்கள். நுனி மடங்கிய புரொப்பெல்லரோடு ஓட்டாதீர்கள். பெட்ரோலில் மிச்சம் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

கடலில் ஹைபிரிட்டுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே உண்டு. கப்பலை இழுத்துக் கட்டும் டக் படகைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான நேரம் சும்மா காத்திருக்கும், இல்லையென்றால் மெதுவாக நகரும். கப்பலைத் தள்ளும் சில நிமிடங்கள் மட்டும் முழு பலம் வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்காக வைத்த பெரிய டீசல் எஞ்சின், மீதி நேரமெல்லாம் குறைந்த சுமையில் புகைந்துகொண்டிருக்கும். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தால் அந்த வீண் செலவு போகும். 2024-ல் மத்திய அரசு தொடங்கிய பசுமை டக் திட்டத்தின் முதல் கட்டத்துக்குத் தேர்வான 4 துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. பேட்டரி, ஹைபிரிட் டக் படகுகள் அங்கே வரும்போது அவசியம் போய்ப் பாருங்கள்.

கேரளத்தில் சூரிய ஒளிப் படகு ஓடுகிறது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் எங்கள் ஊர்ப் படகுகளை ஏன் அப்படி மாற்றக் கூடாது? வரிசையில் நிற்கும்போது டீசல் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டே நிற்கிறோம்.
– கன்னியாகுமரி வாசகி

மாற்றலாம், மாற்ற வேண்டும். ஆனால் கேரளப் படகை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் ஓடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது 'ஆதித்யா' படகு. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்துகிறது, வடிவமைத்தது நவால்ட் என்ற கொச்சி நிறுவனம். 75 பேர் உட்காரலாம். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், உள்ளே 50 யூனிட் லித்தியம் பேட்டரி, 20 கிலோவாட்டில் இரண்டு மோட்டார்கள். நான் அதில் போய் வந்திருக்கிறேன். படகை ஓட்டும் ஸ்ராங்கு பக்கத்தில் நின்றுகொண்டு சாதாரணக் குரலில் அவரோடு பேச முடிந்தது. எஞ்சின் அறையிலேயே ஆயுள் கழித்து, எதிரே நிற்பவரிடம் பேசக்கூடக் கத்தியே பழகிய எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. வைக்கத்தில் பெரியார் நினைவகம் பார்க்கப் போகிறவர்கள் படகுத் துறைக்கும் போய் ஒரு தடவை அக்கரை போய் வாருங்கள்.

அந்தப் படகு ஓடுவது வெயிலால் மட்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் வெயிலுக்குப் பாதிப் பெருமைதான். நம் பக்கம் 1 கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட். டீசல் எஞ்சின் அதே வேலையைச் செய்ய சுமார் 25 லிட்டர் போதும். நாள் முழுக்கப் படகு ஓட்ட அவ்வளவு குறைந்த சக்தி எப்படிப் போதுமானது? படகின் உடல்தான் காரணம். மெல்லிய இரட்டை உடல், அலுமினிய அடிப்பாகம், மேலே இலேசான ஃபைபர் கட்டுமானம், நிதானமான வேகம். பழைய கனத்த படகின் மேல் அதே தகடுகளை அடுக்கினால் பாதி நாள்கூடத் தாங்காது. மின்சாரப் படகு வேண்டும் என்றால் முதலில் படகையே புதிதாக வரைய வேண்டும். எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டுவதோடு வேலை முடிவதில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். காயல் அமைதியான நீர். கன்னியாகுமரி திறந்த கடல். கடல் சீற்றத்துக்கும் நீர்மட்டம் தாழ்வுக்கும் படகுப் போக்குவரத்தையே நிறுத்துவதை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். அகலமான தகட்டுக் கூரை அங்கே காற்றைப் பிடித்துப் படகைத் தள்ளாட வைக்கும். அதனால் நான் அங்கே கூரையில் சூரியனைத் தேட மாட்டேன். கரையில் சார்ஜ் ஏற்றும் பேட்டரிப் படகுதான் சரி.

அதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒன்று நார்வேயின் 'ஆம்பியர்'. 2015-ல் சோக்னே ஃபியோர்டு என்ற கடல் நுழைவில் லாவிக், ஓப்பெடால் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடத் தொடங்கியது. 360 பேர், 120 கார் ஏறும் படகு. கடப்பது 5.7 கிலோமீட்டர், 20 நிமிடம். ஒவ்வொரு கரையிலும் பத்து நிமிடம் நிற்கும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. படகில் உள்ள பேட்டரி 1,000 யூனிட். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கரையில்தான் இருக்கிறது. அந்தச் சின்ன ஊர்களின் மின் இணைப்பு, பத்து நிமிடத்தில் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. அதனால் இரு கரையிலும் 260 யூனிட் பேட்டரி ஒன்றை வைத்தார்கள். படகு இல்லாத நேரத்தில் அது மெல்ல ஊரின் கம்பியிலிருந்து நிரம்பும். படகு வந்ததும் மளமளவென்று கொட்டிக் கொடுக்கும். இன்னொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் புது லைனுக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பக்கத்திலேயே இருக்கும் கொச்சி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய 100 பேர் படகுகள். அவற்றில் லித்தியம் டைட்டனேட் என்ற வகைப் பேட்டரி. எடைக்குக் கொள்ளளவு குறைவு, விலை அதிகம். ஆனால் கால் மணி நேரத்தில் நிரம்பும், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்தாலும் அசராது. ஆபத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் படகில் உண்டு.

உங்கள் பாறை கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான். 150 பேர் ஏறும் படகு ஒன்று அலையை எதிர்த்து 100 கிலோவாட் சராசரியில் பத்து நிமிடம் ஓடினால் 17 யூனிட். போய் வர 35 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை இறக்கி ஏற்றும் பத்து நிமிடத்தில் 200 கிலோவாட் சார்ஜரால் 33 யூனிட் போட்டுவிடலாம். பேட்டரி 150 யூனிட் இருந்தால் திடீர் அலைக்கும் கையிருப்பு மிஞ்சும். இது என்னுடைய தோராயக் கணக்கு. கட்டுகிறவர்கள் அலையளந்து, படகளந்து போட வேண்டும். ஆனால் முடியாது என்று சொல்ல இந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் மாவட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள பாறைக்கு டீசலில் போவது எனக்கு மனசு கேட்கவில்லை.

மைல்டு ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட், மின்சாரக் கார் என்று ஷோரூமில் மூன்றும் காட்டுகிறார்கள். வாரம் முழுக்க அவிநாசி சாலையில் அலுவலகம், மாதம் ஒரு தடவை ஊட்டியில் அம்மா வீடு. எதை வாங்க?
– கோவை வாசகி

மைல்டு ஹைபிரிட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் ஒன்றாக்கி, சின்னப் பேட்டரி ஒன்றைச் சேர்த்ததுதான் அது. சிக்னலில் எஞ்சினை அணைத்து அலுங்காமல் மறுபடி கிளப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும். மோட்டார் மட்டும் தனியாக வண்டியை ஓட்டாது. அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் உண்மையான சங்கதி. டொயோட்டா 1997-ல் ஜப்பானில் பிரியஸ் காரில் கொண்டுவந்த ஏற்பாட்டின் வழிவந்தவைதான் இன்றைய ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும். நடுவே ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் குட்டிப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எஞ்சின், ஜெனரேட்டர், சக்கரம் மூன்றையும் இந்த அமைப்பு இணைத்து, எவ்வளவு பலம் எங்கே போக வேண்டும் என்று நொடிக்கு நொடி பிரித்துக் கொடுக்கிறது. கிளட்சும் கியர் மாற்றமும் இல்லை. ஹோண்டா சிட்டி வேறு வழியில் போகிறது: மெதுவாகப் போகும்போது எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும், மோட்டார்தான் ஓட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரே சக்கரத்தோடு பூட்டிவிடும். இரண்டையும் நீங்கள் வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

உங்கள் கேள்வியில் ருசியான விஷயம் ஊட்டிதான். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆள்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது அதில் கிட்டத்தட்ட 8 யூனிட் சக்தி இருக்கிறது. ஹைரைடர் வகை ஹைபிரிட்டின் பேட்டரி கொள்ளளவோ முக்கால் யூனிட். குன்னூரைத் தாண்டுவதற்குள்ளேயே நிரம்பிவிடும். அதன் பிறகு எஞ்சின் பிரேக்கிங்கும் சாதாரண பிரேக்கும்தான் கைகொடுக்கும். கியர் லீவரை 'B' நிலையில் (நிறுத்தும் 'P' அல்ல) போட்டு இறக்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். மின்சாரக் காரில் 30, 40 யூனிட் பேட்டரி. அந்த இறக்கத்துச் சக்தியில் ஒரு நல்ல பங்கு திரும்பி வந்துவிடும், மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது கிளம்பியதைவிட அதிக சார்ஜ் இருக்கும். ஒன்றே ஒன்று: அம்மா வீட்டில் 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் இறக்கத்து மின்சாரத்துக்கு இடமிருக்காது. 80-இல் நிறுத்துங்கள்.

ஊருக்குள் தினசரி ஓட்டம், வீட்டில் நிறுத்தும் இடத்தில் பிளக், மலை ஏற்ற இறக்கம் மாதம் ஒரு தடவை. இத்தனையும் இருக்கும்போது நான் மின்சாரக் கார்தான் சொல்வேன். ஜி.எஸ்.டி. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். 4 மீட்டருக்கு மேல் நீளமான ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் 40. அடுக்குமாடியில் பிளக் போட சங்கம் விடவில்லை என்றால் ஹைபிரிட் வாங்குங்கள், குறை ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்ல ஆசை: இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-ல் உங்கள் ஊரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து செய்தது. அந்த ஊர்க்காரர் மோட்டார் கார் ஓட்டுவது எனக்குத் தனி சந்தோஷம்.

என்னிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் இருக்குது ஐயா. பேட்டரி எச்சரிக்கை லைட் எரியுது. ஒரு செல்லை மட்டும் மாத்தித் தாறன் என்று கராஜில சொல்லினம். மாத்தலாமோ? எங்கட நயினாதீவுப் படகுக்கும் மின்சாரம் சரிவருமோ?
– யாழ்ப்பாண வாசகர்

அக்குவாவின் நிக்கல் பேட்டரியில் 20 கட்டிகள் (கராஜில் செல் என்பது இதைத்தான்), ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் வரிசையாக இணைந்து 144 வோல்ட். எல்லாம் ஒரே வயது. ஒன்று சோர்ந்துவிட்டது என்றால் மற்றவையும் அதே பாதையில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் சில மாதம் ஓடும், பிறகு வேறொன்று காலை வாரும். காரை விற்பதாக இல்லையென்றால் முழுப் பேட்டரியாக மாற்றுங்கள்.

அதற்கு முன்னால் பின் சீட்டுப் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. பையோ துணியோ வைத்து அதை மூடிவிடுவார்கள், விசிறியில் தூசி அப்பிக்கொள்ளும், சூட்டிலேயே பேட்டரி சீக்கிரம் கிழடாகும். துவாரத்தைச் சுத்தம் செய்வதை நீங்களே செய்யலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, ரப்பர் கையுறையோடு வேலை பார்க்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

குறிகட்டுவான் படகுத்துறைக்கும் நயினாதீவுக்கும் இடையே மின்சாரப் படகு நன்றாகவே சரிவரும். குறைந்த தூரம், தீவுகளுக்கு நடுவே ஆழமில்லாத கடல். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியன், காற்று, பேட்டரி, டீசல் சேர்ந்த மின் நிலையங்கள் அமைக்க இந்திய நிதியில் 2024-ல் ஒப்பந்தம் ஆனது. தீவிலேயே மின்சாரமும் பேட்டரியும் வரும் என்றால் படகுக்கான சார்ஜரையும் அந்தத் திட்டத்தோடு சேர்த்து யோசிக்கும்படி கேளுங்கள்.

மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? அப்புறம் மின்சாரக் காரால் என்ன லாபம்? வெள்ளத்தில் மாட்டினால் வேறு வெடிக்குமாமே?
– சென்னை வாசகர்

இந்திய மின்சாரத்தில் 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும். கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்தால் 12 கிலோ. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்தால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஸ்ட்ராங் ஹைபிரிட் 22 கிலோமீட்டர் தந்தால் பத்தரை கிலோ. கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரிக்கும்போது வெளியாவதையும் சேர்த்தால் ஹைபிரிட்டும் மின்சாரமும் இன்றைக்குக் கிட்டத்தட்டச் சமம். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று வாங்கும் கார் பத்துப் பதினைந்து வருஷம் ஓடப் போகிறது. மின்சாரத்தின் அந்த 0.7 வருஷத்துக்கு வருஷம் குறையக் கூடியது. பெட்ரோலின் 2.3 என்றைக்கும் அதேதான்.

வெள்ளம்: பேட்டரிப் பெட்டி பொதுவாக 1 மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும்படி மூடப்பட்டிருக்கும். மழைநீரில் ஓட்டியதுமே வெடிக்காது. பயப்பட வேண்டியது உப்புநீருக்கு. 2022-ல் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் நீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. 2019 அக்டோபரில் நார்வேயில் 'இட்டரேய்னிங்கன்' என்ற ஹைபிரிட் படகில் குளிர்விக்கும் திரவம் கசிந்து பேட்டரி அறையில் தீ. அணைத்தாகிவிட்டது என்று நினைத்த மறுநாள் காலை, தேங்கிய வாயு வெடித்தது. மூழ்கிய வண்டியை நீங்களாக ஆன் செய்யாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ஆள் வரும்வரை திறந்த வெளியில் தள்ளி நிற்கட்டும்.

மின்சாரக் கப்பலில் வேலை பார்க்க ஆசை. இ.இ.இ. படிக்கிறேன். இது புதுத் துறையா? எதிர்காலம் உண்டா, சார்?
– திருச்சி மாணவர்

துறை உன் கொள்ளுத்தாத்தா காலத்தைவிடப் பழையது, தம்பி. 1838-லேயே யாக்கோபி என்ற விஞ்ஞானி ரஷ்யாவின் நேவா ஆற்றில் பேட்டரிப் படகு ஓட்டினார். 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே, கழற்றி மாட்டும் மின் மோட்டாரைப் படகின் பின்னால் வைத்து சேன் ஆற்றில் போனார். இன்றைய அவுட்போர்டுக்கு அவர்தான் மூத்தவர். 1893 சிகாகோ கண்காட்சியில் 55 மின்சாரப் படகுகள் ஆட்களை ஏற்றி இறக்கின. ஹைபிரிட் காரும் அப்படித்தான், ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே செய்து பார்த்துவிட்டார். பெட்ரோல் மலிவானதும் எல்லாம் ஓரம் போயிற்று.

கப்பலில் மட்டும் மின்சாரம் ஓரம் போகவே இல்லை. 1903-ல் வோல்கா ஆற்றில் ஓடிய 'வண்டால்' என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் எஞ்சின்கள் ஜெனரேட்டரைச் சுழற்றின, மோட்டார்கள் புரொப்பெல்லரைச் சுழற்றின. அந்தக் கால டீசல் எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது, மோட்டாரை முடியும். அதற்காகவே செய்த ஏற்பாடு. நான் வேலை பார்த்த கப்பல்களிலும் இதே டீசல்–மின்சார அமைப்புதான்.

எதிர்காலம் பற்றிக் கேட்டாய். மின் தொழில்நுட்ப அதிகாரி என்ற பதவிக்கு, கப்பல் பணியாளர் பயிற்சி பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தத்தில் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த சில மாதப் பயிற்சி ஒன்று உண்டு, இ.இ.இ. முடித்தவர்கள் சேரலாம். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் பட்டியலில் நீயே பார்த்துக்கொள். முன்பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதே. படிக்கும்போதே பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் கூடுதல் நேரம் இரு. மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதிக்கப் பழகு. கப்பலின் மின் அமைப்பு பெரும்பாலும் பூமியோடு இணைக்கப்படாதது. முதல் எர்த் ஃபால்ட் (கம்பியிலிருந்து கப்பலின் உடலுக்கு மின்கசிவு) வந்தாலும் எதுவும் நிற்காது, அலாரம் மட்டும் அடிக்கும். இரண்டாவது வருவதற்குள் முதலாவதைக் கண்டுபிடித்தாக வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரியையும் உடலிலிருந்து பிரித்து இப்படியேதான் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த வேலை தெரிந்தால் கப்பல் கிடைக்கும்வரை கார் பட்டறையிலும் உனக்கு இடம் உண்டு.